செல்ஃப் அடிச்சா கார்ல ராஸ்பெரி பை ரீபூட் ஆகுதா? வயரிங் இப்படி பண்ணுங்க

டேஷ்போர்டுல ராஸ்பெரி பை 4-ங்கற குட்டிக் கம்ப்யூட்டரை மாட்டி மேப், பாட்டு, ரிவர்ஸ் கேமரான்னு ஓட்டறவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். சாவியைத் திருப்புனதும் பை பூட் ஆக ஆரம்பிக்கும், செல்ஃப் அடிச்சதும் ஸ்க்ரீன் கறுப்பாயிட்டு மறுபடி முதல்லேர்ந்து. இப்படி பாதில கரண்ட் போய்ப் போய் எஸ்டி கார்டும் ஒருநாள் படுத்துரும். என் பழைய பெட்ரோல் வண்டில இதை சரி பண்ண வயரிங்தான் இது. சால்டரிங், மல்டிமீட்டர் எல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: சப்ளை எங்கேர்ந்து எடுக்கறது

நிறைய பேர் நேரா கன்வெர்ட்டர் (பேட்டரி வோல்ட்டை பை-க்கு வேண்டிய 5 வோல்ட்டா மாத்தற போர்டு) வாங்கத்தான் ஓடறாங்க, ஆனா கோளாறு பாதி இங்கதான் இருக்கு. சிகரெட் லைட்டர் சாக்கெட், ஸ்டீரியோ இதெல்லாம் ஏசிசி (ஆக்சஸரி) லைன்ல வரும். செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான வண்டில இக்னிஷன் சுவிட்சே அந்த லைனை கட் பண்ணிடும், ஸ்டீரியோ ஒரு நொடி நின்னு வருதுல்ல, அதேதான். பேட்டரில 10 வோல்ட் இருந்தாலும் அந்த வயர்ல சைபர்! எவ்ளோ காஸ்ட்லி கன்வெர்ட்டர் போட்டாலும் சைபர்லேர்ந்து 5 வோல்ட் வராது. மீட்டரை சாக்கெட்ல வச்சுட்டு வேற யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்க.

அதனால மெயின் சப்ளை நேரா பேட்டரி ப்ளஸ்லேர்ந்து. பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள்ள 5 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ், அப்புறம் 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். ஏர்பேக், ஈசியூ (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ஃபியூஸ்ல மட்டும் கொக்கி போடாதீங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 2: ஆன்/ஆஃப்

பெர்மனென்ட் லைன்ல அப்படியே விட்டா நாலு நாள் வண்டி எடுக்கலன்னா பேட்டரி இறங்கிடும். நடுவுல ஒரு ஆஃப்-டிலே டைமர் ரிலே (சிக்னல் போனப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஆஃப் ஆகற சுவிட்ச்) போடுங்க, ட்ரிகர் ஐஜிஎன் (இக்னிஷன்) லைன்லேர்ந்து. இந்த லைன் செல்ஃப் அடிக்கும்போதும் உயிரோட இருக்கும். சாவி எடுத்தப்புறம் 60 செகண்ட் பவர் நிக்கற மாதிரி செட் பண்ணுங்க. அதே ஐஜிஎன்-ஐ 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிசி817 ஆப்டோகப்ளர் (12 வோல்ட் நேரா பை-ல படாம, வெளிச்சம் வழியா சிக்னலை மட்டும் கடத்தற சிப்) வழியா பை-யோட ஜிபிஐஓ பின்னுக்கு (சிக்னல் வாங்கற பின்) கொடுத்து, சிக்னல் போனா ஷட்டவுன்னு கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி. இந்த சிக்னலையும் ஏசிசில எடுத்தீங்கன்னா செல்ஃப் அடிக்கறப்பல்லாம் பை சமத்தா ஷட்டவுன் ஆகி உக்காந்துக்கும்.

புஷ் பட்டன் வண்டின்னா எந்த லைன் நிக்குது எது போகுதுன்னு ஃபியூஸ் பாக்ஸ்லயே அளந்துக்கோங்க.

ஸ்டெப் 3: கன்வெர்ட்டர்

நல்ல பேட்டரின்னா செல்ஃப் அடிக்கும்போது 9, 10 வோல்ட் வரை இறங்கும், வயசான பேட்டரி 6, 7-க்கே போகும். மல்டிமீட்டர்ல பாத்தா இவ்ளோ இறங்குனது தெரியாது, ஏன்னா முதல் சரிவு ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, மீட்டர் அதைப் பிடிக்கறதுக்குள்ள ஏறிடும். எல்எம்2596 மாதிரி இறக்க மட்டும் தெரிஞ்ச மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுக்க கிட்டத்தட்ட 7 வேணும், அங்கதான் பை விழுது. என் சாய்ஸ் வோல்ட்டை ஏத்தவும் இறக்கவும் தெரிஞ்ச எல்டிசி3780 மாட்யூல், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் கிடைக்கும், 5லேர்ந்து 32 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளிக்கும். அவுட்புட்டை 12-ல வச்சுட்டு (பை-ய மாட்டறதுக்கு முன்னாடி!) பை பக்கத்துல ஒரு 5.1 வோல்ட் பக் (இறக்கற) கன்வெர்ட்டர், குட்டையான தடியான கேபிள். பை-க்கு வர்ற வோல்ட் 4.63-க்கு கீழ போனா ஸ்க்ரீன்ல மின்னல் குறி வந்துரும். ஆல்டர்னேட்டர் ஸ்பைக்குக்கு ஃபியூஸுக்கு அப்புறம் ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 1.5கேஇ22ஏ டிவிஎஸ் டயோடு (திடீர்னு ஏறற வோல்ட்டை அமுக்கறது).

பவர் பேங்க் வைக்கலாமான்னு கேக்காதீங்க. வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள லித்தியம் வேணாம், அதோட நிறைய பவர் பேங்க் சார்ஜ் வந்து போற நேரத்துல அவுட்புட்டையே ஒரு நொடி கட் பண்ணும்.

அப்டேட்: டீசல் வண்டிக்காரங்க ரெண்டு பேர் பை நிக்குது, டைமர் ரீசெட் ஆகுதுன்னாங்க. டீசல்ல செல்ஃப் அதிக நேரம் இழுக்கும், டைமர் போர்டே 6 வோல்ட்ல தள்ளாடும். டைமர் சப்ளைக்கு மட்டும் முன்னாடி ஒரு 1என்5822 டயோடு, 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர் போடுங்க, வோல்ட் சரியறப்ப கெப்பாசிட்டர் டைமரைத் தாங்கும், டயோடு அந்த சார்ஜ் பேட்டரி பக்கம் திரும்பாமப் பாத்துக்கும். இதே ட்ரிக்கை பை-க்கே போட்டா என்னன்னா, அது இழுக்கற கரண்டுக்கு 30,000 மைக்ரோஃபாரடுக்கு மேல வேணும், அந்த டப்பாவை எங்க வைப்பீங்க?