உயரமான பைலட்டுக்குச் சின்ன விமானம்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்குநேரி, வள்ளியூர், தென்காசி, திசையன்விளை என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் விடுமுறை நாளில் பறப்பதற்கென்றே பைலட் லைசென்ஸ் எடுத்து, அடுத்தபடியாகச் சொந்தமாக ஒரு சின்ன விமானம் வாங்கும் யோசனைக்கு வந்துவிடுகிறார்கள். தார் போட்ட ஓடுபாதை இல்லாத இடங்களில், மலையிடுக்குப் புல்வெளியிலும் ஆற்று மணல்திட்டிலும் இறங்கி ஏறும் விமானங்கள் மேல்தான் பலருக்கும் ஆசை. விமானப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு அவர்களிடமிருந்து போன் வரும். ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளை என்றால் முதல் கேள்வி இதுதான்: “அண்ணாச்சி, என் ஒசரத்துக்கு எந்தப் பிளேன் சரிப்படும்?”

“உட்கார்ந்தா எவ்வளவு ஒசரம் தம்பி?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது.

நின்ற உயரத்தை வைத்து விமானம் தேடுவதுதான் முதல் தவறு. ஆறடி மூன்றங்குலம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். முதல் ஆளுக்கு முழங்கால் போய் இன்ஸ்ட்ருமென்ட் பேனலில் இடிக்கும், இரண்டாமவருக்குத் தலை கூரையில் இடிக்கும். இருவருக்கும் ஏற்ற விமானம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்திய விமானப்படை பைலட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நின்ற உயரத்தோடு நிறுத்துவதில்லை. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டர், கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டர், தொடை நீளம் அதிகபட்சம் 64 சென்டிமீட்டர் என்று தனித்தனியாக அளந்து பார்க்கிறார்கள். சொந்தக் காசில் விமானம் வாங்குகிறவருக்கும் அந்த அளவுகள் வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். தார்சாச் சுவரில் முதுகும் பின்மண்டையும் ஒட்ட ஒரு தட்டையான பலகையில் நிமிர்ந்து உட்காருங்கள். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து, பலகையிலிருந்து புத்தகத்தின் அடிவரை வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அது உட்கார்ந்த உயரம். அப்படியே உட்கார்ந்தபடி சுவரிலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை அளந்தால் தொடை நீளம். அதோடு தோள் அகலத்தையும், பூட்ஸ் போட்ட பாதத்தின் நீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் பார்க்கிற ஒவ்வொரு விமானத்திலும், உங்கள் எடையில் மெத்தை அமுங்கியபின் இருக்கையிலிருந்து கூரைக் குழாய் வரை எவ்வளவு இருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த உயரத்துக்கு மேல், ஹெட்செட் அல்லது ஹெல்மெட்டின் தடிமனைச் சேர்த்து, அதற்கும் மேல் ஒரு கை முஷ்டி நுழைகிற இடமாவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு.

எஞ்சினை மாற்றலாம், புரொப்பெல்லரை மாற்றலாம், கல்லிலும் மணலிலும் உருளப் பெரிய டயர் போடலாம். இறக்கையின் மேல் காற்றோட்டத்தைத் திருத்தும் சின்னத் தகடுகள்கூட ஒட்டலாம். முறையான அனுமதியோடு எல்லாமே செய்யக்கூடியவை. ஆனால் உங்களைச் சுற்றி இருக்கும் விமானத்தின் உடற்கூட்டை அவ்வளவு லேசாக யாரும் பெரிதாக்கித் தர மாட்டார்கள். அதனால் உடம்புக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஹேங்கரில் நிற்கும் விமானத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து, “சரி, தாராளமாத்தான் இருக்கு” என்று முடிவு செய்வது அடுத்த தவறு. விமானம் ஆடாமல் நிற்கிறது, காலில் செருப்பு, தலையில் ஒன்றும் இல்லை, பெல்ட்டும் போடவில்லை. அந்த நிலையில் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். மலைப்பகுதியில் காற்று எப்படித் தூக்கிப் போடும் என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் பக்கம் நாற்கரச் சாலையில் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளுவதை அனுபவித்தவர்கள்தான் நாம். அதே மாதிரிக் காற்று மலைச்சரிவில் மேலும் கீழுமாக அடிக்கும்போது, கூரைக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதவே போதாது. பைப்பர் சூப்பர் கப் போன்ற, குழாய்க் கூட்டின் மேல் துணி போர்த்திய சிறு விமானங்களில் தலைக்கு மேலே போவது துணி மட்டுமல்ல, எஃகுக் குழாயும்தான். மலைப்பக்கம் பறப்பவர்கள் காற்று அடங்கிய அதிகாலையில்தான் பறக்க விரும்புவார்கள். வாங்கும் முன் செய்யும் சோதனைப் பறப்பை மட்டும், அனுபவமுள்ள பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரளவு குலுங்குகிற பகல் நேரத்தில் ஒரு மணி நேரமாவது செய்து பார்க்கச் சொல்வேன். நீங்கள் எதைப் போட்டுப் பறப்பீர்களோ அந்த ஹெல்மெட், அந்த பூட்ஸ், அந்த ஜாக்கெட்டோடு ஏறுங்கள்.

தலை இடிக்கிறது என்றதும் இருக்கை மெத்தையை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விமானம் தடாலென்று கீழே விழுந்தால் முதுகெலும்புக்குப் போகும் அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது அந்த மெத்தையும் அதன் கீழுள்ள அமைப்பும்தான். அதை எடுத்துவிட்டால் ஓரிரு அங்குலம் கிடைக்கும், முதுகெலும்புக்கு இருந்த காப்பு போய்விடும். அடியை உள்வாங்கும் தரமான ஃபோமில், கொஞ்சம் தணிந்த மெத்தையை அனுமதி பெற்ற பட்டறையில் செய்து வாங்கலாம். அப்படியும் இடம் போதவில்லை என்றால் அந்த விமானம் உங்களுக்கானது அல்ல.

தோள் பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. இந்த வகையில் பழைய விமானங்கள் அதிகம். செஸ்னா 170 என்ற சிறு விமானம் தயாரானது 1948 முதல் 1956 வரை. அமெரிக்காவில் சிறு விமானங்களின் முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1978 ஜூலைக்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான். பழைய விமானத்தில் பின்னாளில் யாரோ பொருத்தியிருப்பார்கள், அதுவும் சராசரி உயரக்காரருக்குத் தோதாக. பெல்ட் பின்னால் போய் மாட்டும் இடம் உங்கள் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். மேல்நோக்கி 30 டிகிரி வரை போகலாம், கீழ்நோக்கி 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டுதல். முதுகு நீளமானவருக்கு அந்த இடம் தோளுக்குக் கீழே போய்விடும். அப்படி இருந்தால் மோதலின்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பையே அமுக்கும். பெல்ட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

செஸ்னா வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், இருக்கை ஓடும் தண்டவாளம். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இருக்கையின் அடியிலுள்ள ஊசி ஒரு துளையில் இறங்கிப் பூட்டும். நாள்பட்டால் துளையும் தேயும், ஊசியும் தேயும். டேக்-ஆஃபில் மூக்கு உயரும் நேரத்தில் பூட்டு விட்டால் இருக்கை சர்ரென்று பின்னால் ஓடும், பைலட் கையிலிருக்கும் யோக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, பிடித்தபடியே போவார், விமானம் இன்னும் மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். இப்படி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இல் தண்டவாளங்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கக் கட்டாய உத்தரவு போட்டு, 2011-இல் அதைப் புதுப்பித்தது. உயரமானவர் எப்போதும் கடைசித் துளைகளில்தான் உட்காருவார். அந்தத் துளைகளைக் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கடைசியில் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடினாலும் பிடித்து நிறுத்தும் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. அது பொருத்தப்படாத விமானம் என்றால் பொருத்திய பிறகே பறக்க வேண்டும்.

கால் சங்கதிக்கு வருவோம். உட்கார இடம் இருந்தால் போதாது, கட்டுப்பாடுகள் முழு தூரம் போக வேண்டும். யோக்குக்குப் பதில் கால்களுக்கு நடுவே ஸ்டிக் உள்ள விமானம் என்றால் அதை இடது கோடிக்கும் வலது கோடிக்கும், முன்னும் பின்னும் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடையில் இடித்து நிற்கிறதென்றால் குறுக்குக் காற்றில் இறங்கும்போது உங்களுக்குத் தேவையான அந்தக் கடைசிப் பங்கு கிடைக்காது. விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். வால்சக்கர விமானத்தில் பெரிய பாதக்காரரின் விரல்நுனி, ரட்டரை மட்டும் மிதிக்க நினைக்கும்போது தெரியாமல் பிரேக்கையும் அழுத்திவிடும். இறங்கி ஓடும் வேகத்தில் அது நடந்தால் விமானம் மூக்குக்குப்புறக் கவிழலாம். சூப்பர் கப் மாதிரி குதிகால் பிரேக் உள்ளவற்றில் முழங்கால் மடங்கி நிற்பதால் நீளக்காலருக்குக் குதிகாலை அங்கே கொண்டுபோவதே சிரமம். செஸ்னா 170, 180-இல் ஃபிளாப்புக்கு, அதாவது இறங்கும்போது தாழ்த்தும் இறக்கையின் பின்மடலுக்கு, தரையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. இருக்கையைப் பின்னால் தள்ளி, தோள் பெல்ட்டை இறுக்கிய பிறகும் அது கைக்கு எட்டுகிறதா?

இறக்கை மேலே உள்ள விமானங்களில் உயரமானவருக்குக் கண் இறக்கையின் மட்டத்துக்கே வந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது இறக்கையின் விளிம்புதான். பள்ளத்தாக்கில் ஓடுபாதையைச் சுற்றி வரும்போது குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருக்கும், விமானம் திரும்பும் நேரத்தில் அப்படித் தலையை ஆட்டினால் உள்காது குழம்பித் திசை தடுமாறும். கூரையில் கண்ணாடி உள்ள விமானம் இதற்குக் கொஞ்சம் உதவும்.

எடைக்கணக்கு தனி. உயரமானவர் ஒல்லியாகவே இருந்தாலும் உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட்டோடு 100 கிலோவைத் தொட்டுவிடுவார். 150 குதிரைத்திறன் சூப்பர் கப்பின் மொத்த எடை வரம்பு 1750 பவுண்டு, அதாவது சுமார் 794 கிலோ. ஆலையிலிருந்து வந்தபோது வெற்று எடை 420 கிலோ சுமார். பெரிய டயர், கூடுதல் கருவி, பலப்படுத்திய சக்கரக்கால் எல்லாம் சேர்ந்து இன்று அது 520 கிலோ ஆகியிருப்பதாக வையுங்கள். மிச்சம் 274. இரண்டு தொட்டியும் நிறைந்தால் 136 லிட்டர் பெட்ரோல், எடை 98 கிலோ. பைலட் 105. கடைசியில் மிஞ்சுவது 71 கிலோ. அதற்குள் மனைவியோ நண்பரோ, கூடாரமோ, சாப்பாடோ அடங்க வேண்டும். 600 கிலோ வரம்புள்ள இலகு ரக விமானங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். விளம்பரத்தில் போட்டிருக்கும் வெற்று எடையை நம்பாதீர்கள், அந்தக் குறிப்பிட்ட விமானத்தை எடைபோட்ட தாளைக் கேளுங்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். செஸ்னா 172 கையேட்டில், எடைமையத்தைக் கணக்கிட முன்பக்கத்துக் குறிப்புப் புள்ளியிலிருந்து முன் இருக்கைக்கு 37 அங்குலம் என்று போட்டிருக்கும், அது சராசரி ஆளுக்கு. இருக்கை நகர்வதைப் பொறுத்து 34 முதல் 46 அங்குலம் வரை போகும் என்றும் அதே கையேடு சொல்கிறது. கடைசித் துளையில் உட்காருகிறவர் 37 என்று எழுதிக் கணக்குப் போட்டால், பின்னால் மூட்டை ஏற்றிய நாளில் விமானத்தின் எடைமையம் தாள் காட்டுவதைவிடப் பின்னால் போயிருக்கும்.

வெயிலும் இதோடு சேரும். அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் 5000 அடி உயரத்துப் புல் ஓடுபாதையில் 30 டிகிரி வெயில் அடித்தால் விமானம் உணரும் உயரம் சுமார் 8000 அடி. பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கும் சித்திரை மதியத்தில்கூட, காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை அது 3000 அடியில் நிற்பதற்குச் சமம், ஏறக்குறைய மாஞ்சோலைக்குச் சற்றுக் கீழே. கனமான பைலட்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்து ஓடுபாதையைக் குறுக்கிவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பயிற்சியில் செஸ்னா 172-இல் வசதியாக இருந்தவர் அதைவிடச் சின்ன 152-இல் ஏறினால் முழங்கால் யோக்கில் முட்டும். கிட்ஃபாக்ஸ் என்ற சிறு விமானத்தின் ஆரம்ப மாடல்கள் நெருக்கம், பின்னால் வந்தவற்றைப் பெரிதாக்கினார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. பைப்பர் ஜே-3 கப்பில் முன் இருக்கை நெடியவருக்கு நெருக்கடி, ஆனால் தனியாகப் பறக்கையில் பைலட் உட்காருவது பின் இருக்கையில். சூப்பர் கப்பிலோ முன்னால். ஜெனித் 750-க்குக் கதவுகள் வெளிப்பக்கம் புடைத்திருப்பதால் அகலத் தோளுக்கு நல்லது. நீளக்காலருக்கு முன்பின் இருக்கை, அகலத் தோளருக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்வேன்.

விமானம் வேறு மாகாணத்தில் இருந்தால் டிக்கெட் போடும் முன்பே விற்பவரிடம் நான்கு அளவு கேளுங்கள்: அமுங்கிய மெத்தையிலிருந்து கூரைக் குழாய் வரை, இருக்கை முதுகிலிருந்து பேனலின் அடிவிளிம்பு வரை, தோள் மட்டத்தில் உள் அகலம், தோள் பெல்ட் மாட்டும் இடத்தின் உயரம். டேப் தெரியும்படி படத்தோடு வேண்டும் என்று சொல்லுங்கள். அதோடு, பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்ட நிலையிலிருந்து அவற்றைக் கழற்றிக் கதவைத் திறந்து வெளியே வர உங்கள் உயரக்காரர் யாருக்காவது எவ்வளவு நேரம் ஆனது என்றும் விசாரியுங்கள். இவற்றை அளந்து அனுப்பத் தயங்குகிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.