சுருக்கப் போய்ச் சிக்கலாக்குவது: கோட்டில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

திருகோணமலையில் கோட் எழுதப் பழகும் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரு புக்கிங் சிஸ்டம்தான். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு கெஸ்ட்ஹவுஸ். அதற்கு அறைப் பதிவு, படகுப் பயணம், பில், மாதாந்த ரிப்போர்ட். தொடக்கத்தில் எல்லாம் கொப்பி பேஸ்ட். பிறகு யாராவது "ஒரே கோட்டை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொப்பி பேஸ்ட்டைத் திருத்துவது சின்ன வேலை. பிழையாக ஒன்றாக்கியதைப் பிரிப்பதுதான் பெரிய தலையிடி.

வேரியபிளுக்கு எக்ஸ், வை என்று பெயர் வைப்பது, ஆயிரம் வரியில் ஒரே ஃபங்ஷன் எழுதுவது போன்றவை இங்கே வராது. அவை எவர் கண்ணிலும் படும்.

தோற்றத்தைப் பார்த்து ஒன்றாக்குவது

ஒவ்வொரு புதிய ப்ரொஜெக்ட்டிலும் இது இருக்கும். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும்.

அறைக்கான தொகை: இரவுகளை விலையால் பெருக்கி, கழிவைக் கழிப்பது. புறாத்தீவுப் பயணத்துக்கான தொகை: ஆட்களைக் கட்டணத்தால் பெருக்கி, கழிவைக் கழிப்பது. இரண்டு ஃபங்ஷனிலும் ஆறு ஆறு வரி. வேரியபிள் பெயரைத் தவிர வித்தியாசமே இல்லை. உடனே இரண்டையும் அழித்துவிட்டு 'தொகை' என்று ஒரு பொது ஃபங்ஷன் எழுதுகிறார்கள். அன்றைக்குப் பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

பிறகு உண்மை நிலவரம் ஒவ்வொன்றாக உள்ளே வருகிறது. புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு வேறொன்று. ஆகவே ஒரு பூலியன் பராமீட்டர், அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஒரு ஆம்/இல்லை மதிப்பு. நுழைவுக் கட்டணம் தலைக்கு. படகு வாடகையோ படகுக்கு. ஆகவே இன்னொரு பூலியன். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை சீசன், அறை விலை கூடும். ஆகவே மூன்றாவது. கடைசியில் கோட்டில் நிற்பது இதுதான்:

தொகை(4, 6000, ஆம், இல்லை, ஆம், 0)

இந்த வரியை வாசித்து என்ன நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஃபங்ஷனைத் திறக்காமல் சொல்ல முடியாது. மூன்றாவது பூலியனாக நிற்கும் 'ஆம்' சீசனுக்கானது. இது படகுப் பயணம், அதற்குச் சீசன் விலை கிடையாது. ஆனாலும் பராமீட்டர் இருக்கிறபடியால் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று பூலியன் என்றால் எட்டுச் சேர்க்கை, நான்காவது வந்தால் பதினாறு. இவற்றில் உண்மையில் பயன்படுவது மூன்றோ நான்கோதான். மற்றவை நடக்கவே கூடாதவை. ஆனால் கோட் அவற்றையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இதன் செலவு தெரிவது இப்படித்தான். அறை பில்லைக் கிட்டிய நூறு ரூபாய்க்குச் சீராக்கித் தரும்படி கெஸ்ட்ஹவுஸ்காரர் கேட்கிறார். பிள்ளை பொது ஃபங்ஷனின் கடைசி வரியில் அதைச் சேர்க்கிறது. அறை பில் சரியாக வருகிறது, டெஸ்டும் பாஸ். ஆனால் 13,460 ரூபாயாக இருந்த படகுப் பயணத் தொகை அன்றிலிருந்து 13,500. எரர் இல்லை, லொக்கில் ஒன்றும் இல்லை. பூங்காவுக்குக் கட்டிய காசும் சிஸ்டம் காட்டும் காசும் மாத முடிவில் பொருந்தாமல் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போதும் திருத்தமாக இன்னொரு இஃப் போடுவார்களே தவிர, ஃபங்ஷனைப் பிரிக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒன்றாக்கிய உழைப்பு வீணாகிவிடுமாம்.

ஒன்றாக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வரி மாற வேண்டுமென்றால் அதை யார் சொல்ல வேண்டும்? அறை விலையை மாற்றுவது கெஸ்ட்ஹவுஸ் உரிமையாளர். பூங்காக் கட்டணம் அரசாங்கத்தின் கையில். படகு வாடகை படகுக்காரருடையது. மூன்று பேர், மூன்று காரணம், மூன்று வெவ்வேறு நேரம். இன்றைக்கு மூன்று கணக்கும் ஒரே மாதிரித் தெரிவது தற்செயல். அவற்றைத் தனித்தனி ஃபங்ஷனாக விட்டால் ஆறு வரி கூடும், அவ்வளவுதான். பதில் சரியாகத் தெரியவில்லையா, மூன்றாவது தடவை அதே கோட் வரும் வரை பொறுங்கள். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எது நிலையானது, எது மாறுவது என்று கண்டுபிடிப்பது கடினம். மூன்றாவது வந்தால் ஓரளவு விளங்கும்.

ஏற்கெனவே ஒன்றாக்கிவிட்டீர்கள் என்றால் அதைப் பிரிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் இப்போதுள்ள விடைகளைப் பிடித்து வையுங்கள். உண்மையான புக்கிங் இருபது முப்பதை எடுத்து, ஃபங்ஷன் தரும் தொகையை அப்படியே டெஸ்டாக எழுதுங்கள். விடை பிழையாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் திருத்த வேண்டாம். பிறகு 'தொகை'யை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதன் உடலை முழுதாக ஒட்டுங்கள். ஆம், கொப்பி பேஸ்ட்தான். அந்த இடத்தில் 'படகா' என்ற பராமீட்டருக்கு எப்போதும் 'ஆம்' என்றுதான் போகிறது என்றால், பராமீட்டர் இருந்த இடத்திலெல்லாம் அந்த மதிப்பையே எழுதுங்கள். உடனே பாதிக் கிளைகள் ஓட வழியில்லாமல் நிற்கும்; அவற்றை வெட்டுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் நாலைந்து வரி. ஒவ்வொரு இடமாகச் செய்து, டெஸ்ட் ஓட்டி, தனித்தனியாகக் கொமிட் பண்ணுங்கள் (கிட்டில் பதிந்து வையுங்கள்; கிட், Git, கோட்டின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் டூல்). அழைப்பவர் யாரும் இல்லாத நாளில் பழைய 'தொகை'யை அழிக்கலாம். சீராக்கும் பிழை போன்றவற்றைத் திருத்துவது அதற்குப் பிறகு.

உண்மையான இரட்டிப்பைக் காணாமல் விடுவது

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. பார்க்க ஒன்றுபோல இருக்காது, ஆனால் ஒரே தீர்மானம் பல இடத்தில் எழுதப்பட்டிருக்கும்.

வற் வரியை எடுங்கள். 15 வீதமாக இருந்த காலத்தில் அது ஒரு கோப்பில் 0.15, இன்னொன்றில் 1.15. வரியோடு சேர்ந்த விலையிலிருந்து வரியை மட்டும் பிரித்தெடுக்கும் இடத்தில் 15/115. ரிப்போர்ட்டின் தலைப்பில் வெறும் எழுத்தாக '15 வீதம்'. வீதம் 18 ஆனதும் 0.15 என்று தேடி ஒன்றை மட்டும் மாற்றினால், பில் ஒரு கணக்குச் சொல்லும், ரிப்போர்ட் வேறு கணக்குச் சொல்லும்.

சரி, 'வற்_வீதம் = 18' என்று ஒரே இடத்தில் வைத்தால் போதுமா? போதாது. பழைய பில்லைத் திரும்ப அச்சிடும்போது அதுவும் 18 வீதத்தில் வரும். 2022 ஜூன் 1இல் 8 வீதம் 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. ஆகவே தேவையானது ஒரு சிறிய அட்டவணை: எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம். ஃபங்ஷனுக்குப் பில்லின் திகதியைக் கொடுக்க வேண்டும், இன்றைய திகதியை அல்ல. இங்கே மட்டும் கொஞ்சம் கூடக் கோட் எழுதுவது நியாயம்.

அடையாள அட்டை இலக்கம் இன்னொன்று. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டு. புதிய 12 இலக்கத்தில் ஆண்டுக்கு நான்கு இலக்கம். இதுவரை எல்லாருக்கும் தெரியும். வழுக்குவது நாள் எண்ணிக்கையில்: எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணப்படுகிறது. எனவே 061 என்பது எப்போதும் மார்ச் 1. லைப்ரரியில் ஜனவரி 1ஓடு அறுபது நாளைக் கூட்டினால், லீப் ஆண்டு அல்லாதபோது மார்ச் 2 வரும். இந்தக் கணக்கு பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டிலும், சேர்வரில் பீஎச்பியிலும், ரிப்போர்ட்டில் எஸ்கியூஎல்லிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். யாரோ ஒன்றைத் திருத்தியிருப்பார்கள். மற்ற இரண்டும் அப்படியே. இரட்டிப்பைத் தேடும் டூல் எதுவும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் மூன்று மொழி, மூன்று தோற்றம். சேர்வரில் ஒரு முறை கணக்கிட்டு, பிறந்த திகதியை டேட்டாபேஸில் ஒரு கொலமாகச் சேமியுங்கள். மற்ற இரண்டும் அதை வாசிக்கட்டும்.

புள்ளியைக் குறைக்க ஃபங்ஷனை வெட்டுவது

ஒரு ஃபங்ஷன் எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் சொல்ல, தோமஸ் மக்கேப் 1976இல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் அளவு எளிமையானது: ஃபங்ஷனுக்கு 1, பிறகு ஒவ்வொரு இஃப், லூப், கேஸுக்கும் 1 கூட்டு. 10ஐத் தாண்டினால் கவனியுங்கள் என்பது அவர் வைத்த எல்லை. ஜாவாஸ்கிரிப்ட் கோட்டைச் சோதிக்கும் டூலான ஈஎஸ்லின்ட்டின் கொம்ப்ளெக்சிட்டி விதியோ, நீங்கள் மாற்றாவிட்டால், 20 வரை விடும்.

டூல் சிவப்புக் காட்டியதும் 22 புள்ளி ஃபங்ஷனை 'புக்கிங்_பகுதி1', 'புக்கிங்_பகுதி2' என்று நடுவால் வெட்டுகிறார்கள். எண் பச்சையாகிறது. ஆனால் பகுதி1 தன் ஏழு வேரியபிளையும் பகுதி2க்குத் தூக்கிக் கொடுக்கிறது. இப்போது வாசிப்பவர் இரண்டு இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை விளங்க வேண்டும். வெட்டிய துண்டுக்கு 'பகுதி' என்ற சொல் இல்லாமல் பெயர் வைக்க முடியாவிட்டால் அது வெட்டும் இடமல்ல.

உள்ளுக்குள் உள்ளாக நாலு இஃப் போவதைக் குறைக்க, பிழையான நிலைமைகளை மேலேயே பார்த்து ரிட்டேர்ன் பண்ணிவிடுங்கள். இதனால் மக்கேப் எண் குறையாது. ஆழம் குறையும், வாசிக்கச் சுகமாகும். எண்ணும் குறைய வேண்டுமென்றால், மாதத்துக்கு ஒரு கேஸாகப் பன்னிரண்டு கேஸ் எழுதியதை அட்டவணையாக்குங்கள்.

உட்டில்ஸ் கோப்பு

எங்கே வைப்பது என்று தெரியாத ஃபங்ஷனையெல்லாம் போட்டு வைக்கும் கோப்பு இது, அடுப்படி லாச்சி மாதிரி. திகதிக் கணக்கைத் திகதிக் கோப்பிலும், காசுக் கணக்கைக் காசுக் கோப்பிலும் வையுங்கள்.

கமெண்டாக்கி வைத்த பழைய கோட்

அழியுங்கள். பழையது கிட்டில் (Git) இருக்கிறது.

டெஸ்டையும் சுருக்குவது

வேண்டாம். டெஸ்டில் எதைக் கொடுத்தோம், எது வர வேண்டும் என்பது அதே இடத்தில் கண்ணில் பட வேண்டும். நான்கு கோப்புத் தாண்டிப் போய் ஒரு பொது ஃபங்ஷனுக்குள் தேடும்படி வைத்தால், ஃபெயிலான டெஸ்டை வாசிக்கவே அரை நாள் போகும்.

டூல் சொன்னதையெல்லாம் செய்வது

ஜேஎஸ்சிபிடி போன்ற இரட்டிப்பைத் தேடும் டூல்கள் டிஃபோல்டாக 5 வரி, 50 டோக்கன் (கோட்டின் சொல், குறி ஒவ்வொன்றும் ஒரு டோக்கன்) ஒத்திருந்தாலே இரட்டிப்பு என்று காட்டும். சின்ன ப்ரொஜெக்ட்டிலும் பட்டியல் நீளும், பாதி இம்போர்ட் வரியும் ஃபோர்ம் எச்டிஎம்எல்லுமாக இருக்கும். எல்லையை 100 டோக்கனுக்கு உயர்த்துங்கள். மைக்ரேஷன் கோப்புகளையும் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்புகள்) தானாக உருவாகும் கோட்டையும் விலக்கி, மிகப் பெரிய ஐந்தை மட்டும் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் "மாற்றச் சொல்லுவது யார்" என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆளின் பெயர் வந்தால் ஒன்றாக்கலாம். இல்லாவிட்டால் இக்னோர் பட்டியலில் சேர்த்து, ஏன் சேர்த்தோம் என்று கொமிட் மெசேஜில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், அடுத்து வருகிறவர் அதே இரண்டையும் திரும்ப ஒன்றாக்கக் கிளம்புவார்.