நாய்க்குட்டி வெளியே கிடப்பதையெல்லாம் வாயில் எடுக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல், காய்ந்த இலை, பிளாஸ்டிக் உறை, சிகரெட் துண்டு, யாரோ வீசிய எலும்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் குட்டி கவ்வுவது கெட்ட குணத்தால் அல்ல. எதையும் வாயில் எடுத்துப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, மூன்று நான்கு மாத வயதில் பால் பற்கள் விழ ஆரம்பிக்கும். 42 நிரந்தரப் பற்களும் முளைக்க ஆறேழு மாதம் ஆகிவிடும். அதுவரை ஈறு நமநமத்துக்கொண்டே இருக்கும். இந்த வேகம் வயதோடு ஓரளவு தணியும். தணியாமல் பழக்கமாக ஊறிப்போவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம்.

பாய்ந்து பிடுங்குவது

இதுதான் எல்லாரும் செய்வது, கெடுதலும் இதில்தான் அதிகம். குட்டி எதையோ கவ்வியதும் கத்திக்கொண்டு ஓடுகிறோம், தாடையைப் பிளந்து விரலை விட்டுத் தோண்டுகிறோம். துள்ளலான குட்டி இதை ஓடிப்பிடிக்கும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை நம்மை ஓடவைப்பதற்கென்றே கவ்வும். பயந்த சுபாவமுள்ள குட்டி வேறு பாடம் கற்கிறது: கை நெருங்கினால் பொருள் போய்விடும், அதற்குள் விழுங்கிவிட வேண்டும்.

அடுத்த தடவை உற்றுப் பாருங்கள். நீங்கள் குனியும்போதே மெல்லுவதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, உடம்பை விறைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கிறதா? விழுங்கப் போகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பிடுங்கினால் உறுமலும் தொடங்கும். துப்பியிருக்கக்கூடிய கல்லை விழுங்கவைப்பது பல நேரம் நம் அவசரமே.

பிளேடு, பட்டன் பேட்டரி, விஷம் போன்றவை வாயில் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். மற்ற நேரத்தில் நின்ற இடத்திலேயே நின்று, கை நிறையத் தீனியை அதன் மூக்குக்குக் கீழே போடுங்கள்.

"விடு" என்பதை ஆபத்து நேரத்தில் முதன்முதலாகச் சொல்வது

பழக்காத சொல் குட்டிக்கு வெறும் சத்தம்தான். வீட்டுக்குள், வாயில் எதுவும் இல்லாதபோதே தொடங்குங்கள். "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லி, உடனே பட்டாணி அளவுள்ள நாலைந்து கோழித் துண்டுகளை (மசாலாவோ உப்போ இல்லாமல் வேகவைத்தது) தரையில் போடுங்கள். சில நாள் இப்படிச் செய்தால் சொல்லைக் கேட்டதுமே தலை தரைப் பக்கம் திரும்பும். அதன்பிறகு, அதற்குப் பெரிய ஆசையில்லாத பொம்மை ஒன்று வாயில் இருக்கும்போது சொல்லுங்கள். பொம்மையை விட்டுவிட்டுத் தின்னும்போது ஒரு கையால் துண்டுகளைச் சுட்டிக்காட்டியபடி மறு கையால் பொம்மையை எடுங்கள்.

எடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். விட்டுக்கொடுத்தால் தீனியும் கிடைக்கும், பொருளும் திரும்பி வரும் என்று நூறு முறை அனுபவப்பட்ட குட்டிதான், தெருவில் கோழி எலும்பையும் கீழே போடும். பயிற்சிக்குத் தரும் துண்டுகள் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேலைக்கும் ஒரே சொல்

வாயில் இருப்பதைக் கீழே போடுவது வேறு, கிடப்பதைத் தொடாமல் வருவது வேறு. இரண்டாவதற்கு "வேண்டாம்" என்று தனிச்சொல் வையுங்கள். மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட் துண்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும். கையைத் திறக்காமல் காத்திருங்கள். மூக்கை விலக்கிய அந்த நொடியில் பாராட்டி, மறு கையிலிருந்து வேறு நல்ல துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருந்த பிஸ்கட்டையே கொடுத்தால், கொஞ்சம் பொறுத்தால் அது கிடைக்கும் என்றுதான் கற்கும். தொடக்கூடாதது கடைசிவரை கிடைக்கவே கூடாது.

மூக்கைத் தானாக விலக்கப் பழகியபின் சொல்லைச் சேருங்கள். அடுத்து தரையில் வைத்துக் காலால் மறைத்து, பிறகு மறைக்காமல், பிறகு வாரில் பிடித்தபடி இரண்டு மீட்டர் தள்ளி நடந்து, மெல்ல மெல்லத் தூரத்தைக் குறையுங்கள். நேராகக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தால் தோற்கத்தான் செய்யும். வெளியே சொல்லும் தருணமும் முக்கியம்: மூக்கு அந்தப் பக்கம் திரும்பும்போதே சொல்ல வேண்டும். கவ்வியபின் "வேண்டாம், வேண்டாம்" என்று பத்துத் தடவை சொன்னால் சொல்லின் மதிப்புதான் போகும்.

நீண்டு சுருங்கும் வார்

ஐந்து மீட்டர் முன்னே போய்விட்ட குட்டி எதை எடுக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண வார் போதும், கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னெஸ் (மார்பையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பட்டை) நல்லது. வாரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கழுத்து நோகும், வாயில் இருப்பதை விழுங்கும் அவசரமும் கூடும்.

எல்லாவற்றுக்கும் பதறுவது

காய்ந்த இலையைக் கவ்வினால் கண்டுகொள்ளாதீர்கள், இரண்டடியில் தானே துப்பிவிடும். நாம் ஆர்ப்பாட்டம் செய்த இலைதான் அதற்குப் புதையலாகிறது. பதற்றத்தை உண்மையான ஆபத்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வேகவைத்த எலும்பு, சோளக்கதிரின் தக்கை, பழக்கொட்டை, கல், நூல், சாக்லேட், திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், சிகரெட் துண்டு, எலி விஷம்.

எதையும் விழுங்கிவிடும் குட்டிக்குப் பயிற்சி முடியும்வரை கூடை வடிவ வாய்மூடி நல்ல துணை. அதைப் போட்டபடி மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டாம். வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாமல் உடல் சூடேறிவிடும். திடீரென்று மாட்டாமல், உள்ளே தீனி வைத்து அதுவாகவே மூக்கை நுழைக்கப் பழக்குங்கள்.

விழுங்கிய பிறகு செய்யும் தவறுகள்

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்பே நஞ்சாகலாம். கூரான பொருளோ அரிக்கும் ரசாயனமோ திரும்பி வரும் வழியிலும் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும். மறுபடி மறுபடி வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, முக்கியும் மலம் வராதது, வயிற்றைத் தொட்டால் கூனிக்கொள்வது ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

விஷத்துக்கு அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி விஷம் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், ஆனால் சிகிச்சை எளிதாக இருப்பது முதல் சில மணி நேரத்தில். விஷத்தின் உறை கிடைத்தால் மருத்துவரிடம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பல் முளைத்து முடிந்த பிறகும் மண்ணையும் கல்லையும் தேடித் தின்றால் குடற்புழு, ரத்தசோகை, செரிமானக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.