குமுளியிலிருந்து சென்னை: பொங்கல் விடுமுறைக்குப் பின் காரில் திரும்புவது எப்படி

பொங்கலை ஒட்டியே மகரவிளக்கும் வருவதால், சபரிமலை போய்த் திரும்பும் வண்டிகளும் உங்களோடு சேர்ந்தே மலை இறங்கும். வெளுத்ததும் கிளம்பிவிடுங்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் முகத்திலேயே அடிக்கும், லோபீம் போதும்.

டயர் ஆறியிருக்கும்போதே காற்று பாருங்கள். டிக்கி நிறைய மூட்டை, பின்சீட்டில் மூன்று பேர் என்றால், ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுப் பாரத்துக்கான அளவையே வைக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும்தான்.

குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரை இரண்டாவது கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடேறி பிடிமானம் குறையும். பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கும். சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தொளதொளவென்று உள்ளே போய்விடும். அதனால் விட்டு விட்டு, அழுத்தமாகப் பிடியுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கும் ஆசாமிகள் கவனிக்க: இன்றைய இன்ஜின்களில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டாலே எரிபொருள் நின்றுவிடும்.

டேங்கைக் கம்பத்தில் நிரப்புங்கள். கேரளத்தைவிட விலை குறைவு. தேனி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல். அங்கிருந்து நான்குவழிச் சாலை. தூக்கம் சொக்குவதும் அதில்தான். மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.