உங்கள் பாட்டை எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுக்கலாம்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பக்கமிருந்து உடுக்கைப் பாட்டுக்காரர்கள், கும்மி பாடும் பெண்கள், சொந்தமாக ராப் எழுதும் பையன்கள் எல்லோரும் வருகிறார்கள். மிக்ஸிங் முடிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இத ஸ்பாட்டிஃபைல போடோணும், எது சீப்பு?"

விலையைக் கடைசியில் பாருங்கள். பணம் கட்டுவது நின்றுபோனால் பாட்டு என்ன ஆகும், வேறு இடத்துக்கு மாற நினைத்தால் எப்படி மாறுவது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் தனி ஆளிடம் நேராகப் பாட்டு வாங்குவதில்லை. நம் பாட்டை வாங்கி இந்த மாதிரி ஆன்லைன் கடைகளில் ஏற்றித் தர நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சேவை வேண்டும். டிஸ்ட்ரோகிட் என்ற சேவையில் வருடச் சந்தா. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், வருமானத்தில் கமிஷன் கிடையாது. ஆனால் சந்தா நின்றால் பாட்டு கடைகளிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக ஒரு தொகை கட்டி வைக்க வேண்டும். சிடி பேபியில் வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம், வருடாவருடம் ஒன்றும் இல்லை, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ரூட்நோட்டில் இலவசமாகவே ஏற்றலாம், 15 சதவீதம் அவர்களுக்கு.

மாதம் ஒரு பாட்டு விடுகிற பையனுக்கு வருடச் சந்தாதான் கட்டுப்படியாகும். அறுபது வயது தாண்டிய உடுக்கைக்காரருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். அவருக்குப் பிறகு யார் கார்டிலிருந்து சந்தா போகும்? மகன் திருப்பூரில் இருப்பான், அப்படி ஒரு சந்தா இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்தக் குரல் அவருக்குப் பின்னும் நிற்க வேண்டும். 9 சதவீதம் போனால் போகட்டும்.

"காசே வேண்டாம், நாங்களே வெளியிடுகிறோம்" என்று வருகிற உள்ளூர் ஆடியோ கம்பெனிகளிடம் மட்டும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பாட்டின் உரிமையையே எழுதிக் கொடுக்கிறீர்களா, சில வருடங்களுக்கு அனுமதி மட்டும் கொடுக்கிறீர்களா? காலம் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்வார்களா? விலக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தாளில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் கடைகளின் பட்டியல். "150 கடைகள்" என்பதில் மயங்க வேண்டாம். ஜியோசாவன், கானா, யூடியூப் மியூசிக், இன்ஸ்டாகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெஸ்ஸோவும் விங்க் மியூசிக்கும் 2024-லேயே மூடியாகிவிட்டது. அவற்றை இன்னும் பட்டியலில் வைத்திருப்பவர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்தே நாளாகிறது என்று அர்த்தம்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது பெயரில். கேரள ஆவணங்களில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும், தமிழ்நாட்டில் முன்னால். ஒரு பாட்டுக்கு 'கே. முருகேசன்', அடுத்ததற்கு 'முருகேசன் கே' என்று கொடுத்தால் இரண்டு கலைஞர்களாகிவிடுவீர்கள், கேட்பவர்களும் இரண்டாகப் பிரிவார்கள். வெறும் 'முருகேசன்' என்றால் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காரும். கலைஞர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கும் கணக்கில் மட்டும் பான் கார்டிலும் பாஸ்புக்கிலும் இருப்பதுபோலவே கொடுங்கள். இடையில் நாலு வரி மலையாளம் வந்தாலும் பாட்டு தமிழ்ப்பாட்டு என்றால் மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே குறியுங்கள்.

அட்டைப்படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சல். நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஃப்ளெக்ஸ் அடிக்கிற அதே கடையில் செய்தால் பழக்கத்தில் கீழே போன் நம்பரும் யூடியூப் லோகோவும் போட்டுத் தருவார்கள். இரண்டுமே இருக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் பாட்டை வேறு யாராவது வீடியோவில் போட்டால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று கேட்பார்கள். பாட்டில் இருக்கிற எல்லாச் சத்தமும் உங்களுக்கு மட்டுமே சொந்தமென்றால்தான் சரி என்று சொல்லுங்கள். இணையத்தில் எடுத்த லூப்பையோ (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு), பலருக்கும் விற்கிற பீட்டையோ வைத்துப் பதிவு செய்தால் அதே லூப்பைப் போட்ட இன்னொருவர் வீடியோவில் போய் உரிமை கோரும். நியாயமே இல்லை.

பாடியவர், உடுக்கை அடித்தவர், எழுதியவர் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்பே எழுதிவிடுங்கள். அதைத் தானாகப் பிரித்து அனுப்பும் வசதி சில சேவைகளில் உண்டு. குழுவாகப் பாடுபவர்கள் அது இருக்கிற இடத்தையே தேடுங்கள்.

2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம். அதற்காக ஓட்டத்தை விலைக்கு வாங்காதீர்கள். பொய்யான ஓட்டம் பிடிபட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் வரும், அவர் உங்கள் பாட்டை இறக்குவார். நோம்பிக்குப் பாட்டு வேண்டுமென்றால் நோம்பி தொடங்குவதற்கு முதல் நாள் ஏற்றினால் போதாது. மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். வெளியாவதற்கு 7 நாளாவது முன்னால் கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் விவரம் கொடுத்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 12 இடம் கொண்ட ஒரு அடையாள எண் கிடைக்கும். நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது அதே ஆடியோ, அதே பெயர், அதே எண்ணைப் புதியவரிடம் கொடுத்து, கடைகளில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகே பழைய இடத்தில் இறக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் ஓடிய கணக்கு பெரும்பாலும் அழியாமல் கூடவே வரும். சொந்த ஐஎஸ்ஆர்சி எண்ணை ஏற்காத சேவையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேர வேண்டிய ராயல்டி வேறு. சாதாரணக் கணக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் அதை வசூலிக்க மாட்டார். அதை வசூலித்துத் தரும், மும்பையில் இருக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஒரு பாட்டு வெளியாகியிருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.