சத்த வரைபடம்: எண்ணோடு முன்னேபின்னேயும் எழுதுங்கள்

சோமனூர் பக்கம் தறி ஓடும் தெருவில் சத்தம் அளக்கும் மீட்டரோடு ஐந்து நிமிடம் நின்றால் ஓர் எண் கிடைத்துவிடும். அதை அப்படியே வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் நின்றிருந்தால் வேறு எண், ஆர்டர் இல்லாமல் பாதித் தறி நிற்கும் வாரத்தில் வேறு எண். அந்தத் தெருவில் தூங்குகிற குழந்தைகளுக்காகத்தான் அளக்கிறோம், அதனால் எவ்வளவு முன்னேபின்னே இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் மீட்டரைச் சரிபாருங்கள். தெரிந்த அளவில் சத்தம் தரும் காலிபிரேட்டர் என்ற கருவியை மைக்கில் மாட்டி, அது தரும் அளவு, பெரும்பாலும் 94 டெசிபல், சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அளந்து முடித்ததும் மறுபடி பாருங்கள், 0.5 டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைக்கு எடுத்ததை விட்டுவிடுங்கள். மைக் ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் மோதியே எண்ணை ஏற்றிவிடும். ஸ்பாஞ்சு உறை போட்டாலும் காற்று பலமாக இருந்தால் திரும்பி வந்துவிடுவது நல்லது.

அப்புறம், அதே இடத்துக்கு வேறு வேறு நாட்களில் போங்கள், நைட் ஷிப்ட் நேரத்திலும். பகலையும் இரவையும் கலக்காதீர்கள். சராசரி எடுக்கும்போதுதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: டெசிபல் மடக்கை (லாக்) அளவு, சத்தத்தின் ஆற்றலைச் சராசரி எடுத்துத்தான் மறுபடி டெசிபலாக்க வேண்டும், அதனால் ஒரு நாள் 60, இன்னொரு நாள் 70 என்றால் சராசரி 65 இல்லை, 67.4.

சரி, சந்தேகத்தைக் கணக்கில் கொண்டுவருவோம். மீட்டரால் 2 டெசிபல், நாளுக்கு நாள் மாறுவதால் சராசரியில் 3 டெசிபல் பிசகலாம் என்று வையுங்கள். நேராகக் கூட்டி 5 என்று எழுதக்கூடாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 13, அதன் வர்க்கமூலம் 3.6. பகல் சராசரி 53 என்றால் உண்மை அளவு 49.4க்கும் 56.6க்கும் நடுவில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55, இரவு 45. ஆக அந்தப் புள்ளிக்கு, வரம்புக்குள் இருக்கிறது என்று பச்சை பூசினால் தவறு. ‘வரம்பைத் தாண்டியிருக்கலாம்’ என்று தனியாகக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக, அளக்காத இடங்கள். வரைபடம் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) இரண்டு புள்ளிக்கு நடுவே தானே நிறம் நிரப்பிவிடும், நடுவில் தறிக்குடோன் சுவர் சத்தத்தை மறைப்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, அடுத்த நைட் ஷிப்டில் மீட்டரோடு அங்கே போய் நில்லுங்கள்.