ஜெபமே பாரமாக இருந்த நாட்கள்
வேலையும் கடனும் சேர்ந்து நெருக்கிய காலத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெபத்தை விடவில்லை. ஆனால் முழங்கால் போட்டதும் மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும்: யாருக்கு எவ்வளவு, யாரிடம் என்ன சொல்வது. ஆமென் சொல்லி எழும்போது இன்னும் களைப்பாக இருக்கும்.

பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள் என்று இயேசு அழைக்கும் மத்தேயு 11:28 எனக்கு மனப்பாடம். அடுத்த வசனத்தில்தான் நின்றுவிட்டேன். இளைப்பாறுதல் தருவேன் என்றவர், கையோடு தம் நுகத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அப்படியானால் சுமை இருக்கும்போதே இளைப்பாறலாம், கடன் தீரட்டும் என்று நிம்மதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லையே!

தீர்க்கதரிசி எலியாவும் உதவினார். 1 இராஜாக்கள் 19-ல், போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டவருக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

அப்புறம் ஜெபிக்கும் விதத்தை மாற்றினேன். படுக்கும் முன் கவலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைப்பேன். தாளை மடித்தபின் அதே விஷயத்தைத் திரும்ப எடுப்பதில்லை. பிறகு சங்கீதம் 4-ஐ மெதுவாக வாசிப்பேன். எட்டே வசனம், 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்' என்பது கடைசி வசனத்தில் வருகிறது.

சபையில் ஒரு அண்ணனிடம் கடனைப் பற்றிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது கலாத்தியர் 6:2. இப்போது அவரும் எனக்காக ஜெபிக்கிறார். கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் தாள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.